மரதன் ஓட கோச் வேண்டுமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன், வயது 41. வாரம் மூன்று நாள் ஓடுகிறேன்; 10 கிலோமீற்றர் வரை சமாளிப்பேன். ஒரு முழு மரதனை ஓடி முடிக்க ஆசை. போன வருடம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்து இரண்டு மாதம் ஓடவில்லை. கொழும்பில் உள்ள ஒரு பயிற்றுவிப்பாளர் வட்சப்பில் அட்டவணை அனுப்புவதாகச் சொல்லி மாதக் கட்டணம் கேட்கிறார். சேரலாமா?

பதில்: வெறும் அட்டவணைக்கென்றால் சேர வேண்டாம். 16 முதல் 20 வார அட்டவணைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, அடிப்படையும் பெரிதாக மாறாது. பெரும்பாலான ஓட்டம் பக்கத்தில் வருபவரோடு கதைத்தபடி ஓடக்கூடிய வேகத்தில். வாரம் ஒரு நீண்ட ஓட்டம், அது மெல்ல மெல்ல 30 கிலோமீற்றரைத் தொடும். கடைசி இரண்டு மூன்று வாரம் தூரத்தைக் குறைப்பது. நீங்கள் இப்போது 10இல் நிற்கிறீர்கள். முதலில் ஒரு அரை மரதன், 21.1 கிலோமீற்றர், ஓடிப் பாருங்கள். அதுவரை கோச் தேவைப்படாது.

என்னை யோசிக்க வைப்பது உங்கள் கால் வலிதான். எலும்பின் உட்புற ஓரம் நெடுகப் பரவலாக வலித்து, உடல் சூடானதும் குறைந்தால் பெரும்பாலும் தூரத்தைச் சட்டென்று கூட்டியதன் விளைவு. ஒரே இடத்தில் விரலால் அழுத்தும்போது சுரீரென்றால், அல்லது படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். அப்போது ஓட்டத்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். வலி திரும்ப எட்டிப் பார்த்தால், கோச்சுக்குக் கட்டும் முதல் மாதக் காசை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கொடுங்கள். உங்கள் காலைத் தொட்டுப் பார்ப்பவர் அவர்தான்.

அரை மரதனுக்கு அப்புறம் 25, 28 என்று தூரம் ஏறும் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருவரை வைத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. உங்களைப் போல ஒருமுறை அடிபட்டவர்களுக்கு ‘இன்னும் ஓடு’ என்பவரைவிட ‘இன்றைக்கு வேண்டாம்’ என்பவர்தான் தேவை. ஆசையில் இருப்பவருக்கு அது தானாக வராது. நான்கு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது போன்ற நேர இலக்கு இருந்தாலும் கோச் உதவுவார். முடித்தால் போதும் என்றால், அந்தக் காசில் நல்ல சப்பாத்து வாங்கலாம்.

சேர்வதற்கு முன் அவரிடம் ஒன்று கேளுங்கள்: சூடான, வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் வேகத்தை எப்படி மாற்றுவார்? வெயிலில் உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்கும் போக வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். ஆகவே ‘கிலோமீற்றருக்கு ஆறரை நிமிடம், மாறக் கூடாது’ என்பவர் திருகோணமலைக்குச் சரிப்பட மாட்டார். மூச்சையும் இதயத்துடிப்பையும் பார்த்து ஓடச் சொல்பவர், நீண்ட ஓட்டத்தை விடியுமுன் தொடங்கச் சொல்பவர் பரவாயில்லை. நிலாவெளி வீதி மட்டமானது; ஏற்றத்துக்குக் கோணேசர் கோவிலுக்குப் போகும் கோட்டை வீதி இருக்கிறது. இதையெல்லாம் அவர் விசாரிக்கிறாரா என்றும் கவனியுங்கள்.

ஆறு மாதக் கட்டணத்தை முற்பணமாகக் கேட்டால் ஒத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மாதம் கட்டிப் பாருங்கள். ‘கால் வலிக்கிறது’ என்று நீங்கள் அனுப்பும் செய்திக்குப் பிறகும் அடுத்த வார அட்டவணை மாறாமல் வந்தால், இரண்டாவது மாதம் கட்டாதீர்கள்.