பதில்: மக்னீசியத் திருகைச் சுற்றித் தெரியும் கருநிழல்

வணக்கம் ஐயா. தங்கள் துணைவியாருக்குக் கால் பெருவிரல் புடைப்புக்கான அறுவை சிகிச்சை முடிந்து, ஆறு வாரம் கழித்து எடுத்த எக்ஸ்ரேயில், எலும்பைப் பிணைத்த கரையும் மக்னீசியத் திருகைச் சுற்றிக் கருநிழல் தெரிவதாகவும், கிருமித் தொற்றோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

மக்னீசியம் உடலிலுள்ள நீருடன் வினைபுரிந்து கரையும்போது ஹைட்ரஜன் வாயு வெளியாகிறது. அந்த வாயு எலும்பில் தேங்குமிடம் படத்தில் கருமையாகத் தெரியும் என்பதால், முதல் சில மாதங்களில் இத்தகைய நிழல் பலரிடமும் காணப்படுவதே; கரைதல் வேகம் குறைந்து புது எலும்பு வளர வளர அது மங்கிவிடும். டைட்டானியத் திருகுகளையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது திருகு தளர்ந்ததைப் போலத் தோன்றுவதில் வியப்பில்லை. 2013இல் ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து வெளியான, இதே அறுவை சிகிச்சை செய்துகொண்ட 26 பேரைப் பற்றிய ஆய்வில், ஆறு மாத முடிவில் மக்னீசியத் திருகு டைட்டானியத்துக்கு இணையாகவே நின்றது.

ஆனால் நிழலை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. வலி கூடுதல், சூடான சிவந்த வீக்கம், காயத்தில் கசிவு, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அவை இல்லையெனில், அறுவை சிகிச்சை முடிந்தவுடன் எடுத்த படத்தையும் உடன் கொண்டுசென்று, வெட்டிச் சேர்த்த எலும்பு இடம் மாறாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். நிழலைவிட அதுவே முக்கியம். மருத்துவர் அனுமதிக்கும்வரை முன்பாதத்தில் எடை தாங்க வேண்டாம்.