செருகாத ப்ளக்

கேள்வி: ப்ளக்-இன் ஹைபிரிட் கார் நம் நாட்டில் விலைபோகுமா, இல்லை நேராக எலெக்ட்ரிக்குக்கே தாவிவிடுவோமா? – வாசகர், ஈரோடு

பதில்: பெட்ரோல் இன்ஜினும், ப்ளக்கைச் செருகிச் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் சேர்ந்ததுதான் ப்ளக்-இன் ஹைபிரிட். ஹைபிரிட் கிடக்கட்டும், அந்த ப்ளக்கைப் பற்றிப் பேசுவோம். பிரிட்டனில் இந்த வண்டிகளை அள்ளிக்கொண்டு போனது கம்பெனிகள்தான். வரிச்சலுகை, போதாததற்கு அரசு மானியம். ஓட்டுகிறவருக்குப் பெட்ரோல் போட கம்பெனி கார்டு இருந்தது, வீட்டில் சார்ஜ் ஏற்றினால் கரன்ட் பில் அவர் தலையில். எவன் செருகுவான்? வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது சிலவற்றின் டிக்கியில் சார்ஜிங் கேபிள் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. 2018-ல் மானியத்தை நிறுத்தினார்கள், அடுத்த வருடமே விற்பனை இறங்கியது.

ஐரோப்பிய ஆணையம் 2024-ல் கணக்குப் பார்த்தபோது, இந்த வண்டிகள் சாலையில் விடும் கார்பன் டை ஆக்சைடு ஆய்வகக் கணக்கைப்போல மூன்றரை மடங்கு இருந்தது. கம்பெனி சொல்லும் மைலேஜும் கல்யாணப் பத்திரிகையில் போடும் ‘மாலை 6 மணிக்கு வரவேற்பு’ம் ஒரே ஜாதி. மாப்பிள்ளை மேடையேற எட்டாகும், பெண்ணுக்கு அலங்காரம் முடிய எட்டரை, பத்திரிகையை நம்பி ஆறு மணிக்கே போய் உட்கார்ந்தவனுக்கு ரோஸ்மில்க்தான் கதி. அதுவும் இப்போதெல்லாம் ரோஸ் மட்டும்தான் இருக்கிறது, மில்க்கைக் காணோம். (மைலேஜைப் பற்றி எழுதினாலே ‘ஆசிரியருக்கு ஆக்சிலரேட்டரில் கால் கனம்’ என்று கார்டு போடும் சேலத்து அன்பர் இந்த முறை ஸ்டாம்ப் செலவை மிச்சம் பிடிக்கலாம்.)

சீனாவில் கதை வேறு. 2024-ல் அந்த ஊர் கார் கம்பெனி பிஒய்டி விற்றதில் முழு எலெக்ட்ரிக் சுமார் 17.6 லட்சம், ப்ளக்-இன் ஹைபிரிட் ஏறக்குறைய 25 லட்சம். பெட்ரோல் கார் விலைக்கே கொடுத்தால் வாங்காமல் என்ன செய்வார்கள்? ஆனால் அங்கேயும் ஷாங்காய் 2023 முதல் இவற்றுக்கு இலவச நம்பர் பிளேட் கிடையாது என்று கையை விரித்துவிட்டது.

நம் ஊரில் விலைதான் இடிக்கும். இன்ஜினுக்கும் பணம் கொடுக்க வேண்டும், பேட்டரிக்கும் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் வரி. எலெக்ட்ரிக்குக்கு 2019-லிருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பெரிய ஹைபிரிட்டுக்கு செஸ்ஸோடு 43 ஆக இருந்து, 2025 செப்டம்பரில் 40 ஆனது. இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டு ஷோரூம்காரர் என்னதான் பேசி விற்பார்? பணக்காரர்கள் நாலு பேர் வாங்குவார்கள், அவ்வளவுதான். ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வரும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் ஓடுவதற்குக் காரணம், வாசல் பக்கம் இருக்கிற சாதாரண பாயின்ட் போதும் என்பதுதான்.

காருக்கு அது போதாது, ராத்திரி முழுக்க ஏற்றுவதற்கு 15 ஆம்ப் பாயின்ட்டாவது வேண்டும். தனி வீடு என்றால் சரி, எலெக்ட்ரிக்கே வாங்குங்கள். அடுக்குமாடி என்றால் முதலில் அசோசியேஷன் கூட்டத்துக்குப் போய், பார்க்கிங்கில் ஒரு பாயின்ட் போட அனுமதி வாங்கிக்கொண்டு வாருங்கள். எங்கள் செயலாளர், பொது மீட்டரிலிருந்து கரன்ட் திருட்டுப்போகும் என்று பயந்து, இருந்த ஒரு பாயின்ட்டுக்கும் பூட்டுப் போட்டுவிட்டார். சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது, அவர் மொபைல் சார்ஜ் போட்டுக்கொள்கிறார்.