கேளுங்க சொல்றோம்: டிஸ்க்ல பொழைச்ச பனிஷர்

கே: ரவுடிங்களத் தேடிப் போய் கொல்ற மார்வெல் காமிக்ஸ் ஹீரோ பனிஷர வெச்சு எடுத்த 'பனிஷர்: வார் ஸோன்' படம் தியேட்டர்ல படு ஃப்ளாப்னு சொல்றாங்க, ஆனா டிஸ்க் சேக்குற கும்பல் மட்டும் தலையில தூக்கி வெச்சு ஆடுதே, அப்படி என்னதான் இருக்கு அதுல?

ப: சும்மா ஃப்ளாப்பா, மண்ணக் கவ்வுன ஃப்ளாப். செலவு மூணரை கோடி டாலர், உலகம் பூரா சேத்து வந்தது ஒரு கோடி சொச்சம். 2008 டிசம்பர்ல வந்துச்சு, அதே வருஷம்தான் 'அயர்ன் மேன்', 'தி டார்க் நைட்' ரெண்டும் வந்து காமிக்ஸ் படம்னா இப்படித்தான் இருக்கணும்னு ஆக்கிட்டுப் போயிருந்துச்சு, அந்த நேரத்துல சரவிளக்குல தலைகீழா தொங்கிக்கிட்டு சுத்திச் சுத்தி சுடுற ஹீரோவக் காட்டுனா ஜனம் என்ன பண்ணும், சிரிச்சிருக்கும். ஆனா டைரக்டர் லெக்ஸி அலெக்ஸாண்டர் தெரிஞ்சேதான் செஞ்சாங்க, அந்தம்மா கராத்தே, கிக்பாக்ஸிங் சாம்பியன், அடி விழுந்தா எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்க. கூரைக்குக் கூரை பல்டி அடிச்சுத் தாவுற ரவுடி ஒருத்தன் அந்தரத்துல இருக்கும்போதே ராக்கெட் வந்து மோதுது பாருங்க, அங்க சிரிக்கலன்னா இந்தப் படம் உங்களுக்கு ஆகாது.

எனக்குப் புடிச்சது வேற. மத்த பழிவாங்குற படத்துல எல்லாம் ஹீரோ சுட்டவன் அத்தன பேரும் கெட்டவனாத்தான் இருப்பான், அது எப்படின்னு யாரும் கேக்க மாட்டாங்க. இதுல ஆரம்பத்துலயே ரவுடிங்க கூட வேஷம் போட்டு இருந்த எஃப்பிஐ போலீஸ் ஆள பனிஷர் (நிஜப் பேரு ஃப்ராங்க் கேஸில்) தெரியாம கொன்னுடுறான், அப்புறம் அந்தாளு பொண்டாட்டி, சின்ன பொண்ணு முன்னாடி போய் நிக்க வேண்டியதா போகுது, தொழிலயே விட்டுடலாம்னு நெனைக்கிறான். ரத்தக்களறிக்கு நடுவுல அந்த ஒரு விஷயம்தான் படத்தத் தாங்குது.

கே: இதுக்கு முன்னாடி வந்த பனிஷர் படங்க?

ப: 1989 படத்துல டால்ஃப் லண்ட்கிரன், பனிஷரோட அடையாளமான மண்டை ஓடு கூட நெஞ்சுல கிடையாது. படம் எடுத்த கம்பெனி பணக்கஷ்டத்துல மாட்டுனதுல அமெரிக்காவுல தியேட்டர் பக்கமே வரல, 1991-ல நேரா வீடியோ கேசட்டா வந்துச்சு. 2004-ல தாமஸ் ஜேன் நடிச்சது தியேட்டர்ல சுமாராத்தான் போச்சு, டிவிடி நல்லா வித்துச்சு, அடுத்த பாகம் எடுக்கலாம்ங்கற தைரியமே அதுலதான் வந்துச்சு. அப்புறம் ஜேன் விலகிட்டாரு, ரே ஸ்டீவன்சன் வந்தாரு, கதையையும் புதுசா ஆரம்பிச்சாங்க.

கே: 'வார் ஸோன்' பழைய ப்ளூ-ரே டிஸ்க் இருக்கு, அதவிடத் துல்லியமா தெரியுற 4கே டிஸ்க் வாங்கணுமா?

ப: 2018-ல வந்த 4கே தாராளமா வாங்கலாம். படம் முழுக்க பச்சை, சிவப்புன்னு நியான் வெளிச்சமாத்தான் இருக்கும், வெளிச்சத்தையும் நிறத்தையும் இன்னும் பளிச்னு காட்டுற எச்டிஆர்ல அந்தக் கலர் எடுபடும். இன்னொன்னு, ப்ளூ-ரேக்கு ரீஜியன் (எந்தப் பகுதி பிளேயர்ல ஓடும்ங்கற பூட்டு) தொல்லை உண்டு, அமெரிக்காவுக்கு ஏ, ஐரோப்பாவுக்கு பி, இந்தியாவுக்கு சி, மாத்தி வாங்கிட்டா பிளேயர் மூஞ்சியத் திருப்பிக்கும். 4கே டிஸ்க்ல அந்த வம்பு இல்ல, ஆனா டப்பாக்குள்ள கூட வர்ற ப்ளூ-ரேக்கு இந்த கேரண்டி கிடையாது, பாத்துக்கங்க.

கே: பசங்களோட உக்காந்து பாக்கலாமா?

ப: வேணாம். வில்லன் ஜிக்ஸா கண்ணாடி நொறுக்குற மெஷின்ல விழுற சீன் ஒண்ணு போதும், அப்புறம் ராத்திரி நீங்கதான் முழிச்சிருக்கணும்.

கே: ரே ஸ்டீவன்சன எங்கயோ பாத்த ஞாபகம்...

ப: 'ஆர்ஆர்ஆர்' படத்துல வர்ற வெள்ளைக்கார கவர்னர் ஸ்காட் அவருதான். 2023 மே மாசம் இறந்துட்டாரு, பாவம். பசங்களப் பத்தி கேட்டவருக்கு ஒரு தகவல், 'சூப்பர் ஹீரோ ஸ்குவாட் ஷோ'ன்னு குழந்தைங்க கார்ட்டூன் ஒண்ணுல பனிஷர் வருவாரு, குரல் குடுத்ததும் இதே மனுஷன்தான், அத வேணா போட்டுக் காட்டுங்க.