"டிடக்டிபிள் நீங்கள் கட்ட வேண்டாம்" என்கிறார், நம்பலாமா?

கேள்வி: போன வாரம் இங்கே ஆலங்கட்டி மழை. மறுநாளே கூரை வேலைக்காரர் ஒருவர் கதவைத் தட்டினார். மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "கூரை முழுக்க அடி. இன்சூரன்ஸ்காரர்களிடம் நானே பேசிக்கொள்கிறேன். டிடக்டிபிள்கூட நீங்கள் கட்ட வேண்டாம்" என்று டேப்லெட்டை நீட்டிக் கையெழுத்து கேட்கிறார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு பேர் இவரிடம்தான் வேலை கொடுத்திருக்கிறார்கள். நம்பலாமா?
- வாசகி, ஃபிரிஸ்கோ, டெக்ஸஸ்

பதில்: சகோதரி, கையெழுத்துப் போடாதீர்கள். க்ளெய்ம் அட்ஜஸ்டராக, அதாவது இன்சூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிடுபவனாக வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த டிடக்டிபிள் (சேதச் செலவில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) பேச்சு ஒன்றே போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டெக்ஸஸில் காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு டிடக்டிபிள் பெரும்பாலும் வீட்டுக் காப்பீட்டுத் தொகையில் 1 அல்லது 2 சதவீதம். 4,50,000 டாலர் வீட்டுக்கு 2 சதவீதம் என்றால் 9,000 டாலர். அவ்வளவு பணத்தை எவரும் சும்மா விட்டுத்தர மாட்டார். ஒன்று, இன்சூரன்ஸுக்குப் போகும் பில்லை ஏற்றுவார். இல்லையென்றால், வேலையில் குறைப்பார். 2019 செப்டம்பர் 1 முதல் டெக்ஸஸில் இப்படித் தள்ளிக்கொடுப்பது குற்றம். பழைய கூரையின் தேய்மானத்துக்காக முதலில் பிடித்துவைத்த பாக்கியைத் தருவதற்கு முன், டிடக்டிபிள் கட்டியதற்கு ஆதாரம் காட்டச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி உங்களைக் கேட்கலாம். அப்போது எதைக் காட்டுவீர்கள்? குழுவில் பரிந்துரைத்தவர்கள் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார்கள், ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

"நானே பேசிக்கொள்கிறேன்" என்பதும் சரியில்லை. உங்கள் சார்பில் க்ளெய்ம் பேரம் பேச இங்கே பப்ளிக் அட்ஜஸ்டர் லைசென்ஸ் வேண்டும். அது இருந்தாலும், கூரை வேலையை எடுத்துச் செய்பவரே அதே வீட்டின் க்ளெய்மையும் பேசக் கூடாது. இந்தச் சட்டத்தை எதிர்த்து ஒரு கூரை கம்பெனி போட்ட வழக்கில், 2024 ஜூனில் டெக்ஸஸ் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் பக்கமே நின்றது. ஆனால் கூரை வேலைக்காரர் தன்னுடைய எஸ்டிமேட்டை இன்சூரன்ஸ் அட்ஜஸ்டரிடம் விளக்குவதில் தவறில்லை.

அப்புறம் அந்த டேப்லெட். "சேதத்தைப் பார்க்க அனுமதி" என்பார்கள். உள்ளே, க்ளெய்ம் கிடைத்தால் வேலை தனக்குத்தான் என்ற ஷரத்து இருக்கும். காகிதத்தில் வாங்கி, நிதானமாகப் படியுங்கள்.

அதற்காகச் சேதமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். தரையில் நின்றபடியே மழைநீர்க் குழாய்களையும் ஏசி வெளிப்பெட்டியின் மெல்லிய தகடுகளையும் பாருங்கள். அடிபட்ட பள்ளங்கள் இருந்தால் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கதவைத் தட்டாத, பல காலமாக இதே ஊரில் வேலை செய்யும் வேறொருவரைக் கூப்பிட்டுக் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏறும்போது நீங்களும் கீழே நில்லுங்கள். சுத்தியலால் தட்டித் தடம் உண்டாக்குபவர்களும் இருக்கிறார்கள். கூரை வேலைக்கு டெக்ஸஸில் மாநில லைசென்ஸே கிடையாது, அதனால் "லைசென்ஸ் இருக்கிறது" என்றால் மயங்க வேண்டாம். அவருடைய லயபிலிட்டி இன்சூரன்ஸ் (அவர் வேலையால் பிறருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு) சான்றிதழை அவரது இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடமிருந்தே நேராக வாங்குங்கள்.

சேதச் செலவு டிடக்டிபிளைத் தாண்டும் என்று தெரிந்த பிறகு க்ளெய்ம் போடுங்கள். தாண்டாவிட்டால் பைசா வராது, க்ளெய்ம் போட்டது மட்டும் பதிவில் நிற்கும்.

அந்த மனிதர் மறுபடி வந்தால், "டிடக்டிபிள் முழுவதும் நானே கட்டுகிறேன், அதை எஸ்டிமேட்டில் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அவரை அனுப்பிவிடுங்கள்.