எலிசபெத் ராணிக்கு ஏற்ற விலங்கு எது?

கேள்வி: இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்தை மனதில் வைத்து, பெண் சிங்கம் ஒன்று காட்டை ஆளும் கதை எழுதுகிறேன். அவர் வாழ்க்கையில் எதை விடக்கூடாது?

பதில்: முடிசூடும் முன்பு இருந்த பயத்தை. மூன்று வயது நிரம்பும் முன்பே, 1536-இல், தாய் ஆன் போலினின் தலை வெட்டப்பட்டது, அப்புறம் 1554-இல் அக்கா மேரியே சந்தேகப்பட்டு லண்டன் கோபுரத்தில் அடைத்தார். இப்படி ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் காதைத் தீட்டிக்கொண்டு வளர்ந்த குட்டிதான் 1558-இல், 25 வயதில், அரியணை ஏறியது. 1588 ஸ்பானியக் கடற்படைப் போரை எல்லோரும் எழுதுவார்கள், சுருக்கமாக முடியுங்கள். கடைசி நாட்களில் கட்டிலுக்குப் போக மறுத்து, தரையில் போட்ட மெத்தைகளிலேயே கிடந்தார், அந்தப் பிடிவாதம் கட்டாயம் வேண்டும். ஆனால் சிங்கம் கூட்டமாக வாழும். கல்யாணமே செய்யாமல் நாட்டை ஆண்ட ராணிக்குத் தனியாகத் திரியும் சிறுத்தைதான் சரி.