ஆற்றோடு இறங்குவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரீஸ் புறநகரில் வசிக்கிறேன். ஜூலையில் நான், என் தம்பி, நண்பர்கள் இருவர் என நான்கு பேர் ரோடு பைக்கில் தென்மேற்கு பிரான்ஸின் லொத் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நான்கு நாள் ஓட்டப் போகிறோம். லொத் கரையில் இருக்கும் ஃபிஜாக் ஊருக்கு ரயிலில் போய், அங்கிருந்து ஆற்றின் போக்கிலேயே காவோருக்கு இறங்குவது திட்டம். கீழ்நோக்கிய பாதை என்பதால் ஒரு நாளைக்கு 110 கிலோமீட்டர் முடியும். மிச்ச தூரத்தைப் பக்கத்துப் பீடபூமியில் சுற்றி நிரப்பலாம். தம்பி மூன்று மாதமாகத்தான் ஓட்டுகிறான். "நான் வந்தால் உங்களுக்குப் பாரம்" என்கிறான். எல்லோருக்கும் பல்சக்கரம் முன்னால் 50/34 பல், பின்னால் 11-28 பல். என் கேள்வி இதுதான்: டயர் 25 மில்லிமீட்டர் போதுமா, 28 போட வேண்டுமா? கார்பன் சக்கரமும், மிதிக்கும் வலுவை வாட்டில் காட்டும் பவர் மீட்டரும் வாங்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கார்பன் சக்கரம் வேண்டாம். பவர் மீட்டர் உங்கள் விருப்பம். இரண்டுக்கும் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது "ஆற்றின் போக்கிலேயே இறங்குவது" என்ற தொடர். கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத நினைத்திருந்தேன். பள்ளத்தாக்கு என்று காதில் விழுந்ததும் எல்லோரும் சறுக்குமரத்தை நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் ஒரு குட்டு. ஃபிஜாக் லொத் கரையில் இல்லை. அது செலே ஆற்றின் கரையில் இருக்கிறது. மாவட்டத்தின் பெயர் லொத் என்பதால் ஊரையும் ஆற்றங்கரையில் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள். ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒரு தடவை வரைபடத்தை விரித்திருக்கக் கூடாதா? ஃபிஜாக்கிலிருந்து டி 662 சாலையில் காஜார்க் பக்கம் கிளம்பினால் முதல் வேலை, இரண்டு ஆறுகளுக்கும் நடுவிலுள்ள மேட்டில் ஏறுவது. மேட்டின் மேல் ஃபேசெல் கிராமம். அதைத் தாண்டி இறங்கினால்தான் லொத் கண்ணில் படும். உங்கள் "கீழ்நோக்கிய பாதை" ஏற்றத்தில் தொடங்குகிறது.

சரி, ஆற்றங்கரைக்கு வந்தாயிற்று. இனி இறக்கம்தானே என்பீர்கள். ஃபிஜாக்கிலிருந்து காவோர் வரை சாலை ஏறத்தாழ 75 கிலோமீட்டர். இரண்டு ஊர்களின் உயர வித்தியாசம் நூறு மீட்டருக்குள். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளும் சைக்கிளுமாக 85 கிலோ, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் இந்தச் சரிவு உங்களுக்குத் தருவது சுமார் 6 வாட். அதே வேகத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால் கூடுதலாக 60 வாட்டுக்கு மேல் மிதிக்க வேண்டும். பத்து மடங்கு! தென்மேற்கு பிரான்ஸில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். லொத் மேற்கு நோக்கி ஓடுகிறது. ஆற்றோடு போகிறவர் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு போகிறார்.

இன்னொன்று, ஆறு சரிவதுபோலச் சாலை சரிவதில்லை. சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு லொத் பாம்பு மாதிரி வளைகிறது. வளைவின் வெளிப்பக்கம் ஆறு பாறையை ஒட்டி ஓடும் இடத்தில் சாலைக்கு இடமில்லை. அங்கே அது பாறையைக் குடைந்து போகும், அல்லது மேலே ஏறி இறங்கும். ஒவ்வொன்றும் இருபது முப்பது மீட்டர்தான். ஆனால் ஒரு நாளில் இப்படிப் பல வரும். தொடக்க உயரத்திலிருந்து முடிவு உயரத்தைக் கழித்துப் பார்த்துவிட்டு சமதளம் என்று முடிவு கட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். மிஷ்லின் வரைபடத்தில் சாலை மேல் அம்புக்குறி இருக்கும். ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீதம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். அம்பு ஏறும் திசையைக் காட்டும். கைபேசியில் இறக்கிய கோட்டின் மேல் அதை வைத்துப் பாருங்கள்.

ஆகவே திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். காவோரில் இறங்குங்கள். அது பாரீஸ்–துலூஸ் ரயில் பாதையில் இருக்கும் ஊர், நேர் வண்டி உண்டு. சைக்கிளுக்கும் இடம் முன்பதிவு செய்ய வேண்டும். அங்கிருந்து வேர் என்ற ஊர் வழியாக, செலே ஆறு லொத்தில் கலக்கும் கோந்துஷே வரை போய், இடப்பக்கம் டி 41 சாலையைப் பிடித்து செலேயை எதிர்த்து ஏறுங்கள். காப்ரெரே, மார்சியாக், ப்ராங்க், அப்புறம் ஃபிஜாக். வாகனம் குறைவு, பல இடங்களில் தலைக்கு மேல் பாறை, பிற்பகல் காற்று முதுகில். திரும்பும்போது ஃபேசெல், காஜார்க் வழியாக லொத்தில் இறங்குங்கள். அதைக் காலையிலேயே ஓட்டிவிடுங்கள், காற்று எழுவதற்குள். முழுச் சுற்றும் சுமார் 150 கிலோமீட்டர். முன்னறிவிப்பு கிழக்குக் காற்று என்றால் சுற்றை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்.

நான்கு நாளுக்கு 150தானா என்று முகம் சுளிக்காதீர்கள். பெஷ் மெர்ல் குகை காப்ரெரேக்கு மேலே இருக்கிறது. 1922-இல் கண்டுபிடித்தது. ஆதிமனிதர் வரைந்த புள்ளிக் குதிரைகளின் அசல் ஓவியத்தையே உள்ளே போய்ப் பார்க்கலாம். ஜூலையில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். சாங்-சீர்-லபோப்பி கிராமம் ஆற்றிலிருந்து நூறு மீட்டர் உயரத்தில் பாறை விளிம்பில் தொங்குகிறது. அதை விட்டுவிட்டு, கணக்கில் தூரம் காட்டுவதற்காகப் பீடபூமியில் சுற்றப் போகிறீர்களா? அந்தச் சுண்ணாம்பு நிலத்தில் மழைநீர் தங்காது, பிளவுகள் வழியாக உள்ளே போய்விடும். மேலே ஓடை இல்லை, நிழலும் குறைவு. குடிநீருக்குக் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள், வாசலருகில் குழாய் இருக்கும். "நோன் பொத்தாப்ல்" என்று எழுதியிருந்தால் அதைக் குடிக்கக் கூடாது.

டி 662 பெரும்பாலும் வடகரையில் போகிறது. தெற்கு பார்த்த வெள்ளைப் பாறை பகல் முழுக்க வெயிலை வாங்கித் திருப்பி உங்கள் மேல் வீசும். காஜார்க்குக்குக் கீழே தென்கரையில் கால்வின்யாக், செனவியேர் வழியாக ஒரு சிறுசாலை உண்டு. ஏற்ற இறக்கம் கூட, நிழலும் கூட. ஜூலையில் நான் சொல்வது அந்தக் கரை.

கோடையில்தான் அங்கே சாலைக்குத் தார் தெளித்து ஜல்லி தூவுவார்கள். ரோலர் போட்டபின் மிச்ச ஜல்லியை அழுத்துவது போகிற வருகிற கார்கள். "கிராவியோன்" (ஜல்லி) என்ற பலகை கண்டால் வேகத்தைப் பலகைக்கு முன்பே குறையுங்கள். கார் சக்கரம் பெருக்கிய தடத்தில் போங்கள், ஓரத்தில் ஜல்லி குவிந்திருக்கும். வளைவில் முன் பிரேக்கைத் தொடாதீர்கள். ஊருக்குள் வலப்பக்கச் சந்திலிருந்து வரும் வண்டிக்கு முன்னுரிமை என்பதைப் பாரீஸ்வாசிக்குச் சொல்லத் தேவையில்லை. ரொட்டியைப் பன்னிரண்டு மணிக்குள் வாங்கிவிடுங்கள். திங்கட்கிழமை கடை திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள்.

இப்போது தம்பி. "பாரம்" என்ற சொல்லை அவர் வாயில் வரவைத்தது உங்கள் 110தான். அவருக்கு 11-28 போதாது. முன்னால் 34, பின்னால் 28 என்றால் ஒரு மிதிச்சுற்றுக்கு இரண்டரை மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்றில் மணிக்கு 9 கிலோமீட்டர். 8 சதவீத ஏற்றத்தில் அதற்கே 180 வாட் ஆகிவிடும். பின்னால் 34 போட்டால் அதே 60 சுற்று ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் கிடைக்கும், 150 வாட் போதும். புதியவருக்கு இந்த முப்பது வாட், ஏறுவதற்கும் இறங்கித் தள்ளுவதற்கும் உள்ள வித்தியாசம். மாற்றும்போது இரண்டு விஷயம் பாருங்கள். செயினைப் பல்சக்கரம் மாற்றும் பின் டெரெய்லர் 34 பல்லைத் தாங்குமா, பலதும் தாங்காது. செயினையும் நீட்ட வேண்டும்: ஆறு பல் கூடினால் கணக்குக்கு மூன்று கண்ணி, ஜோடியாகத்தான் சேர்க்க முடியும் என்பதால் நான்கு. பழைய நீளத்திலேயே விட்டு, தெரியாமல் முன்னாலும் பின்னாலும் பெரிய பல்சக்கரத்துக்கே போனால் டெரெய்லரைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அவரை முன்னால் ஓட்டவிட்டு மூவரும் அவர் வேகத்தில் போங்கள். எதிர்க்காற்று வரும்போது மட்டும் பின்னால் அழைத்துக்கொள்ளுங்கள்.

டயர் கேட்டிருந்தீர்கள் அல்லவா. 28. எழுபது, எழுபத்தைந்து கிலோ ஆளுக்கு 5 பார் காற்று போதும். பிரேக்குக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று வாங்குவதற்கு முன் பாருங்கள். தார் ஒட்டிய ஜல்லி அதில்தான் சிக்கும்.