உருளும் குண்டு, ஊமை பஸ்ஸர்: வாசகர் கேள்வி பதில்

கே: பழைய அட்டைப்பெட்டியில் பின்பால் (சாய்ந்த பலகையில் குண்டு உருட்டும்) விளையாட்டு செய்தோம். குண்டு ஓடும் பாதையில் 2 அலுமினிய ஃபாயில் துண்டுகளைச் சற்று இடைவெளி விட்டு ஒட்டி, 9 வோல்ட் பேட்டரியும் பஸ்ஸரும் இணைத்தோம். வயர்களைக் கையால் சேர்த்தால் கத்துகிறது. குண்டு உருண்டால் மூச்சு இல்லை. ஏன்?
(அறிவியல் மன்ற ஆசிரியர், ஈரோடு)

ப: குண்டு எது? கோலிக்குண்டு கண்ணாடி, மின்சாரம் கடத்தாது. அதன்மேல் ஃபாயில் சுற்றினால் சுருக்கம் விழுந்து கோணல்மாணலாக ஓடும். மெக்கானிக் கடையில் 12 மி.மீ. பேரிங் குண்டு கேட்டு வாங்குங்கள். கிரீஸ் படலமும் மின்சாரத்தைத் தடுக்கும், நன்றாகத் துடையுங்கள்.

பேரிங் குண்டுதான் போட்டீர்கள் என்றால், கோளாறு பாதையில். சமதளத்தில் உருண்டை ஒரே புள்ளியில்தான் தரையைத் தொடும். ஒரு ஃபாயிலை விட்டு மறு ஃபாயிலுக்குத் தாவுமே தவிர, இரண்டையும் ஒருசேரத் தொடாது. 4 செ.மீ. அகலம், 8 செ.மீ. நீளத்தில் 3 பிளை (மூன்று தாள் அடுக்குள்ள) அட்டை வெட்டி, நீளவாக்கில் நடுவில் மடித்து 'வி' வடிவ வாய்க்கால் செய்யுங்கள். அட்டையின் உள்வரிகள் மடிப்பின் திசையிலேயே ஓடட்டும். குறுக்கே மடித்தால் நெளியும். இரு சரிவுகளிலும் ஃபாயில் ஒட்டி, மடிப்பை ஒட்டிப் பக்கத்துக்கு 3 மி.மீ. வெறுமையாக விடுங்கள். செங்கோண வாய்க்காலில் 12 மி.மீ. குண்டு மடிப்பிலிருந்து 6 மி.மீ. தள்ளித்தான் சரிவுகளைத் தொடும். அதனால் இந்த இடைவெளி இடைஞ்சல் இல்லை. பசை ஃபாயிலின் அடியில் மட்டும். மேலே வழிந்தால் அந்த இடம் செத்த இடம்.

ஃபாயிலில் சாதாரண சால்டர் ஒட்டாது. வயர் நுனியை 3 செ.மீ. உரித்து, ஃபாயில் ஓரத்தை அதன்மேல் மடித்து ஸ்டேப்ளர் பின் அடியுங்கள். சத்தம் விட்டுவிட்டு வந்தால், பஸ்ஸரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சற்றுச் சேமித்து வைக்கும் பாகம்) போடுங்கள். பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. குண்டு போன பிறகும் ஒரு நொடிப்பொழுது சத்தம் நீளும்.

கே: விளையாட்டில் மதிப்பெண் காட்ட மைக்ரோபிட் (மாணவர்களுக்கான குட்டிக் கணினி அட்டை) வாங்க வசதியில்லை. மாற்று உண்டா?
(கல்லூரி மாணவி, தென்காசி)

ப: பழைய கால்குலேட்டர் போதும். 1 + 1 = அழுத்திவிட்டு, = பொத்தானைத் தொடர்ந்து தட்டிப் பாருங்கள். தட்டுக்கு ஒன்று கூடினால் அதுவே உங்கள் ஸ்கோர்போர்டு. சில மாடல்களில் + பொத்தானை இருமுறை அழுத்த வேண்டும். பின்மூடியைக் கழற்றி, = பொத்தானின் அடியிலுள்ள இரு தடங்களிலிருந்தும் வயர் எடுத்து வாய்க்காலின் இரு சரிவுகளுக்கும் கொடுங்கள். தடத்தின் மேலுள்ள கரும்பூச்சில் சால்டர் பிடிக்காது. பிளேடால் மெல்லச் சுரண்டி, செம்பு தெரிந்த பிறகு வையுங்கள்.

பஸ்ஸரின் 9 வோல்ட் இதன் பக்கம் வரவே கூடாது, கால்குலேட்டர் போய்விடும். இதற்கென்று தனி வாய்க்கால், 2 செ.மீ. தள்ளி. குண்டு பாய்ந்து ஓடினால் எண்ணிக்கை தவறும். ஒரு கணம் பட்டு விலகும் தொடுகையைக் கால்குலேட்டர் பொருட்படுத்தாது. அந்த இடத்தில் மட்டும் சரிவைக் குறையுங்கள். ஒரு குண்டுக்கு 2 ஏறினால் ஃபாயில் கசங்கியிருக்கிறது. ஸ்பூனின் முதுகால் தேய்த்து மட்டமாக்குங்கள்.

கே: சிவப்பு, நீல எல்.இ.டி.களை ஒரே ரெசிஸ்டரில் இணைத்தேன். சிவப்பு மட்டும் எரிகிறது.
(வாசகர், நாகர்கோவில்)

ப: சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3 வேண்டும். பக்கவாட்டில் சேர்த்தால் சிவப்பு 2 வோல்ட்டிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் தனியாக 470 ஓம் ரெசிஸ்டர் கொடுங்கள். 9 வோல்ட்டில் இரண்டுக்கும் அதுவே பொருந்தும்.

கே: பலகையை எவ்வளவு சாய்ப்பது?
(வாசகர், மதுரை)

ப: கடைகளில் வைக்கும் பின்பால் இயந்திரங்களுக்கு வழக்கமாக 6.5 டிகிரி. 60 செ.மீ. நீளப் பலகைக்குப் பின்பக்கம் 7 செ.மீ. தூக்கினால் சரி. பலகை 5 பிளையில் இருக்கட்டும். 3 பிளை நடுவில் தொய்ந்து, குண்டு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.